ஃபெரெட் வாங்கும் முன் எந்தப் புத்தகம் வாங்குவது?

அண்ணன் மகன் கோவை சரவணம்பட்டியில் அடுக்குமாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறான். போன தை மாதம் போனில் கூப்பிட்டு, "அத்தை, ஃபெரெட் ஒண்ணு வளர்க்கலாம்னு இருக்கேனுங்க. நல்ல புக்கா ஒண்ணு சொல்லுங்க" என்றான். அதே வாரம் ஆனைமலைப் பக்கத்துத் தோப்பிலிருந்து அண்ணனும் கூப்பிட்டார். "ஏம்மா, அது எலி புடிக்கும்னு சொல்றானே, நெசமா? அப்படின்னா தோப்புக்கு ரெண்டு சேத்து வாங்கச் சொல்லீர்றேன்." மகனுக்கு மடியில் வைத்துக் கொஞ்ச ஒரு பிராணி வேண்டும், அப்பாவுக்கு வேலை செய்ய ஒரு பிராணி வேண்டும். இரண்டு பேருமே என்னிடம் கேட்டதற்குக் காரணம், நான் கோபியில் பல வருடங்களாக முயல் வளர்த்தவள், எதையும் படித்துவிட்டுச் செய்கிறவள் என்ற பெயர் வீட்டில் இருப்பதுதான்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி நான் சொல்லப்போவது முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. முயல் வளர்க்க ஆரம்பித்த முதல் வருடம் குளிர் நாட்டில் எழுதப்பட்ட ஒரு ஆங்கிலப் புத்தகத்தை வாங்கினேன். அழகான புத்தகம். காற்றுப் புகாத பெட்டி, மூன்று பக்கம் பலகை, உள்ளே கனமாக வைக்கோல் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். ஆசாரியை வைத்து அப்படியே செய்தேன். சித்திரை மாதம் ஒரு மதியம் ஏழு முயலில் நாலு செத்துப்போயின. அந்தப் புத்தகத்தில் வெயிலைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: கோடையில் நிழலில் வைக்கவும். எழுதியவர் மேல் தப்பில்லை. அவர் ஊர்க் கோடை அவ்வளவுதான். அதற்கப்புறம் பிராணி வளர்ப்புப் புத்தகம் எதை எடுத்தாலும், எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஃபெரெட்டைப் பார்க்காதவர்களுக்கு: கீரியைப் போல நீண்ட உடம்பு, குட்டைக் கால், கூர்மூக்கு. ஆனால் கீரி இல்லை. இது நம் ஆறுகளில் இருக்கும் நீர்நாய்க்குச் சொந்தம். ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து 2,000 வருடங்களுக்கு மேலாக மனிதர்கள் பழக்கி எடுத்தது. பெட்டை ஒரு கிலோவுக்கு உள்ளே இருக்கும், கடுவன் ஒன்று முதல் இரண்டு கிலோ வரை வரும். ஆயுள் 5 முதல் 8 வருடம். முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. தின்றது மூன்று நாலு மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும் என்பதால் அடிக்கடி தின்ன வேண்டும். தமிழில் இதற்கென்று ஒரு புத்தகம் நான் தேடிய வரை கைக்குக் கிடைக்கவில்லை. கொடிசியா புத்தகத் திருவிழா, ஈரோடு புத்தகத் திருவிழா, உக்கடம் பழைய புத்தகக் கடைகள் என்று எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்தாயிற்று. ஆகவே ஆங்கிலம்தான். அதில் மூன்று வகை இருக்கிறது: அமெரிக்க வீட்டு வளர்ப்புக் கையேடு, பிரிட்டிஷ் வேட்டைப் புத்தகம், கால்நடை மருத்துவர்களின் தடிப் புத்தகம்.

அமெரிக்கக் கையேடுகளில் எளிதாகக் கிடைப்பது கிம் ஷில்லிங் எழுதிய 'ஃபெரெட்ஸ் ஃபார் டம்மீஸ்'. படிக்கச் சுலபம். கூண்டு எப்படி, கழிவுத் தட்டு எப்படிப் பழக்குவது, கடிக்கும் குட்டியை எப்படித் திருத்துவது, வீட்டில் எந்த ஓட்டையை அடைப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல இருக்கும். இந்த வகைப் புத்தகங்களின் உண்மையான பலம் வீட்டைப் பிராணிக்குத் தயார் செய்யும் பகுதிதான். ஃபெரெட் ரப்பரைக் கண்டால் விடாது, கடித்து விழுங்கும், குடல் அடைத்துக்கொள்ளும். நம் வீட்டு வாசலில் எத்தனை ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்த அத்தியாயத்தின் அருமை புரியும்.

ஆனால் அமெரிக்கப் புத்தகம் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. அங்கே கடைக்கு வரும் குட்டிகள் பெரும்பாலும் பெரிய பண்ணைகளில், ஆறு ஏழு வாரத்திலேயே கருத்தடையும் வாசனைச் சுரப்பி நீக்கமும் செய்யப்பட்டு வருபவை. அதனால் இனப்பெருக்கப் பருவத்தைப் பற்றி அமெரிக்கக் கையேடுகள் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. நமக்குக் கவலை இருக்கிறது. கருத்தடை செய்யாத பெட்டை ஃபெரெட் பருவத்துக்கு வந்தால், கடுவனோடு சேரும் வரை அந்தப் பருவம் தானாக இறங்காது. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், ரத்தம் உற்பத்தியாகாது, உயிரே போகலாம். இன்னொரு பக்கம், மிகச் சின்ன வயதில் கருத்தடை செய்வதற்கும் பின்னாளில் வரும் அட்ரீனல் சுரப்பி நோய்க்கும் தொடர்பு இருப்பதாகக் கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆகவே நம் கைக்கு வரும் குட்டி எந்த நிலையில் வருகிறது என்று தெரியாமல் அமெரிக்கப் புத்தகத்தை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

தீனி விஷயத்திலும் அப்படித்தான். ஃபெரெட்டுக்கென்றே செய்த உருண்டைத் தீனியின் பெயர்களை அடுக்குவார்கள். அதெல்லாம் இங்கே எப்போதும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அதைவிட முக்கியம், புரதம் 30 முதல் 40 சதம், கொழுப்பு 15 முதல் 20 சதம், நார்ச்சத்து மிகக் குறைவு என்ற கணக்கு. அந்தக் கணக்கைக் காரணத்தோடு சொல்லும் புத்தகம் எதுவானாலும் வைத்துக்கொள்ளலாம். பிராண்டுப் பெயரை மட்டும் சொல்லும் புத்தகத்தால் நமக்குப் பிரயோஜனம் குறைவு.

பிரிட்டிஷ் வேட்டைப் புத்தகங்கள் வேறு உலகம். எலி வேட்டையைப் பற்றியும் டெரியர் நாய்களைப் பற்றியும் எழுதிய பிரையன் பிளம்மரின் 'மாடர்ன் ஃபெரெட்டிங்' போன்றவை இந்த வகை. அண்ணன் கேட்டது இந்தப் பக்கம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்த்தேன். இவற்றில் எழுதியவர்கள் பிராணியோடு வயல்வரப்பில் நடந்தவர்கள். ஃபெரெட்டின் குணம், தைரியம், கைப்பழக்கம், குட்டியிலிருந்து எப்படிக் கையில் எடுப்பது என்பதெல்லாம் அமெரிக்கக் கையேட்டைவிட இவற்றில் ஆழமாக இருக்கும். கருத்தடை செய்யாத பிராணியை வைத்துக்கொண்டு எழுதியதால், மேலே சொன்ன பெட்டைப் பிரச்சினைக்கு ஊசியா, விந்துக்குழாய் வெட்டிய கடுவனா என்ற பேச்சும் இவர்களிடம்தான் வளர்ந்தது. தீனியும் நமக்கு நெருக்கமானது: முழு உடல், கறி, எலும்பு, ஈரல். நாமக்கல் முட்டையும் பல்லடம் கோழியும் இருக்கும் மண்டலத்தில் அந்த அத்தியாயத்தை அப்படியே பயன்படுத்தலாம். ஒன்றை மட்டும் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஃபெரெட் கறியை இழுத்துக்கொண்டு போய் ஒளித்து வைக்கும். அவர்கள் ஊர்க் குளிரில் அது ஒரு நாள் கிடக்கும், இங்கே மதியத்துக்குள் கெட்டுவிடும்.

சரி, வேலை? இங்கேதான் அண்ணனுக்கு ஏமாற்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஃபெரெட் வேட்டை என்பது ஐரோப்பிய முயலை வைத்து உருவான கலை. அந்த முயல் மண்ணில் வளை தோண்டி, கூட்டமாக உள்ளே வாழும். வளை வாய்களில் சுருக்கு வலையை விரித்துவிட்டு ஃபெரெட்டை உள்ளே விட்டால், முயல் பயந்து வெளியே பாய்ந்து வலையில் விழும். புத்தகத்தின் முக்கால்வாசி இதன் நுணுக்கம்தான். நம் காட்டு முயல் வளை தோண்டாது. புல் மறைவிலும் புதர் அடியிலும் படுக்கும். அதை வேட்டையாடுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அந்த முக்கால்வாசிக்கு இங்கே வேலையே இல்லை.

எலிக்காவது ஆகுமா என்றார் அண்ணன். தென்னையில் குரும்பையையும் இளநீரையும் ஓட்டை போடும் எலி தரையில் இல்லை, மரத்தின் தலையிலேயே கூடு வைத்துக் குடும்பம் நடத்துகிறது. ஒரு மட்டையிலிருந்து அடுத்த மரத்து மட்டைக்குத் தாவும். ஃபெரெட் வளைக்குள் நுழையும் பிராணி, 50 அடி மரம் ஏறும் பிராணி இல்லை. தரையில் இருக்கும் பெருச்சாளி வேறு கதை. நன்றாக வளர்ந்த பெருச்சாளி ஒரு பெட்டை ஃபெரெட்டின் எடைக்குக் கிட்ட வரும், திருப்பிக் கடிக்கும். எலி வேட்டையில் ஃபெரெட்டுக்குக் காயம் படுவதும் அது சீழ் பிடிப்பதும் வேட்டைக்காரர்கள் அறிந்த விஷயம். கூடவே எலிக்காய்ச்சல் பயம் மனிதருக்கும் உண்டு. தோப்புக்குத் தகரம்தான் சரி: சுமார் 40 சென்டிமீட்டர் அகலத் தகரத்தைத் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி அடிப்பது. மட்டைகள் ஒன்றையொன்று தொடாத இடைவெளி இருந்தால் அது வேலை செய்யும். இதற்குப் புத்தகமும் வேண்டாம், கறியும் வேண்டாம்.

வேலைக்கென்று கொண்டுபோன பிராணி என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்து இருக்கிறது. அங்கே முயல் தொல்லையை அடக்க 1880-களில் ஃபெரெட்டுகளைத் திறந்துவிட்டார்கள். முயல் அடங்கவில்லை. பறக்கத் தெரியாத உள்ளூர்ப் பறவைகளையும் ஃபெரெட் தின்றது. 2002-ல் இனப்பெருக்கம் செய்ய வைப்பதையும் விற்பதையுமே தடை செய்தார்கள். ஆனைமலை அடிவாரத் தோப்பில், புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடத்தில் இரண்டு ஃபெரெட் தப்பினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு மனசு ஒப்பவில்லை. அண்ணனுக்கும் இதைச் சொன்ன பிறகு ஒப்பவில்லை.

பிரிட்டிஷ் புத்தகங்களிலேயே பழசு, புதுசு என்று பெரிய வித்தியாசம் உண்டு. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால் தீனிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாலில் ஊறிய ரொட்டியைத் தீனியாகச் சொல்லியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். ஒரு காலத்தில் அங்கே கிராமங்களில் அப்படித்தான் போட்டார்கள், பிராணிகள் மெலிந்து வயிற்றுப்போக்கில் போயின. இந்த ஒரு பக்கமே மீதிப் பக்கங்களின் தரத்தைச் சொல்லிவிடும்.

மூன்றாவது வகை மருத்துவப் புத்தகம். இந்தச் சின்னப் பிராணிக்கு ஏன் இவ்வளவு பெரிய புத்தகங்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. காரணம் 1933-ல் இருக்கிறது. அந்த வருடம் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், மனிதருக்கு வரும் இன்ஃப்ளூயன்ஸா ஃபெரெட்டுக்கும் தொற்றும் என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் ஃபெரெட் இருக்கிறது. ஜேம்ஸ் ஃபாக்ஸ் தொகுத்த 'பயாலஜி அண்ட் டிசீசஸ் ஆஃப் தி ஃபெரெட்' அந்த மரபில் வந்தது. மூன்றாம் பதிப்பு 2014. ஆழம் அதிகம், ஆனால் வீட்டில் ஒன்று வளர்ப்பவருக்கு அதில் பாதி ஆய்வுக்கூடத்துக்கானது. வீட்டுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு பழக்கம்: உங்களுக்குச் சளிக்காய்ச்சல் என்றால் அதன் பக்கத்தில் போகாதீர்கள், போனால் முகக்கவசத்தோடு போங்கள்.

கெசன்பெரி, கார்பென்டர் பெயர்களில் வரும் 'ஃபெரெட்ஸ், ராபிட்ஸ் அண்ட் ரோடன்ட்ஸ்' வேறு மாதிரி. ஃபெரெட்டோடு முயல், கினிப் பன்றி, வெள்ளெலி எல்லாவற்றுக்கும் மருத்துவமும் அறுவை சிகிச்சையும் அதில் உண்டு. இதை வளர்ப்பவரைவிட அவருடைய டாக்டர் வாங்குவது பொருத்தம். நம் பகுதியில் ஃபெரெட்டைப் பார்த்த கால்நடை மருத்துவர்கள் குறைவு, முயலும் கினிப் பன்றியும் பார்த்தவர்கள் நிறைய. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உடுமலையிலும் வந்துவிட்டது. உங்கள் டாக்டரிடம் இந்தப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை. "இல்லை, ஆனா வாங்கிப் படிக்கிறேன்" என்று சொல்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

கடைசியாக நான் அண்ணன் மகனுக்குச் சொன்ன புத்தகம் ஜான் லூயிங்டன் எழுதிய 'ஃபெரெட் ஹஸ்பண்ட்ரி, மெடிசின் அண்ட் சர்ஜரி'. இரண்டாம் பதிப்பு 2007. மருத்துவரின் புத்தகம்தான், ஆனால் தலைப்பிலேயே வளர்ப்பு முன்னால் நிற்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய காரணம், லூயிங்டன் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். வெயில் அடிக்கும் நாட்டில் உட்கார்ந்து எழுதியவர். அமெரிக்கக் கையேடு படிக்க இனிமை, பிரிட்டிஷ் புத்தகம் குணம் அறிந்தது, ஆனால் என் கணக்கில் வெயில்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஃபெரெட்டுக்கு வியர்த்துச் சூட்டைத் தணிக்கும் வழி கிடையாது என்றே சொல்லலாம். 27 டிகிரிக்கு மேலே போனால் கவனம் வேண்டும், 32-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கரூர் பரமத்தியின் பெயர் கோடையில் வானிலைச் செய்தியில் எத்தனை முறை வருகிறது என்று நமக்குத் தெரியும். ஈரோடும் அதற்குச் சளைத்தது இல்லை. கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொஞ்சம் உதவுகிறது. ஆனாலும் பங்குனி, சித்திரையில் 35, 36 சாதாரணம்.

பணம் குறைவு என்றால்? மருத்துவப் புத்தகங்கள் பல ஆயிரம் ரூபாய். அப்போது டம்மீஸ் வகைக் கையேட்டின் புதிய பதிப்பு ஒன்றை வாங்கி, மருத்துவத்துக்கு டாக்டரின் புத்தகத்தை நம்பலாம். எதை வாங்கினாலும் பின்னட்டைப் பக்கம் போய்ப் பொருளகராதியில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: வெப்பத்தாக்குதல் எத்தனை பக்கம், டெஸ்லோரெலின் இருக்கிறதா. இந்த இரண்டாவது, அறுவை இல்லாமல் பருவத்தையும் அட்ரீனல் நோயையும் கட்டுப்படுத்த தோலுக்கடியில் வைக்கும் மருந்து. அது இல்லாத புத்தகம் பழசு. மின்னூலாக வாங்குவதானால் மாதிரிப் பக்கங்களிலேயே பொருளடக்கம் தெரியும்.

எந்தப் புத்தகமும் சொல்லாத சில விஷயங்களை நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஏசி போட்டு வையுங்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை வரை கரண்ட் வராத நாளை யாரும் எழுதவில்லை. சாதாரண இன்வெர்ட்டரில் மின்விசிறி ஓடும், ஏசி ஓடாது. பருவ மாதங்களாக அவர்கள் எழுதியிருப்பது, கோடையில் 16 மணி நேரமும் குளிர்காலத்தில் 8 மணி நேரமும் பகல் இருக்கும் ஊருக்கு. ஃபெரெட்டின் உடம்பு பகல் நீளத்தைப் பார்த்துத்தான் பருவத்துக்கு வருகிறது. நமக்கு வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். அதனால் அவர்கள் மாதக் கணக்கை அப்படியே நம்பாமல் பிராணியின் உடம்பைப் பார்க்க வேண்டும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் ஃபெரெட்டுக்கு வந்தால் அநேகமாகப் பிழைக்காது. நம் தெருவில் அந்த நோய் இருக்கிறது, செருப்பில் ஒட்டிக்கூட வீட்டுக்குள் வரும். தடுப்பூசியை டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். அமெரிக்கப் புத்தகத்தில் கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் தடை என்று இருக்கும். நமக்கு வேண்டியது விற்பவரிடம் முறையான இறக்குமதித் தாள் இருக்கிறதா என்பது. அப்புறம் புரட்டாசி. எங்கள் வீட்டில் அந்த மாதம் கறி வாசனையே கூடாது. ஃபெரெட்டுக்குப் பருப்புச் சோறு போட்டு ஒரு மாதம் ஓட்ட முடியாது. அவன் அம்மா வந்து தங்கும் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில் கோழி ஈரல் இருக்கலாமா என்பதை அவன் அம்மாவிடமே கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் தோப்பில் வைகாசியில் தகரம் அடித்தாயிற்று. மகன் லூயிங்டனைப் பழைய பிரதியாக வரவழைத்தான். வெப்ப அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு 200 ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கி, கூண்டு வைக்க நினைத்த மூலையில் மாட்டியிருக்கிறான். தினமும் மதியம் 2 மணி அளவை ஒரு நோட்டில் எழுதுகிறான். போன வாரம் பராமரிப்பு மின்தடை நாளில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவன், ஜன்னலை எல்லாம் திறந்து வைத்தும் 33 காட்டியது என்று சொன்னான். "ஆனி மாசத்துலயே இப்படீங்க அத்தை. அடுத்த சித்திரை வரைக்கும் எழுதிப் பாத்துட்டு முடிவு பண்றேனுங்க" என்றான். புத்தகத்தை அதுவரைக்கும் அவனுடைய டாக்டரிடம் படிக்கக் கொடுத்திருக்கிறான்.